பங்காளியின் திசு

ஜனவரி 9, வியாழன்

மரபணு ஆய்வறிக்கை இன்று வந்தது. தாள் தடிமனாக இருக்கிறது, அச்சு துல்லியமாக இருக்கிறது, முடிவு மட்டும் இல்லை.

செப்டம்பரில் என் பெருங்குடலின் வலப்புறத்திலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். செல்கள் பிரியும்போது நேரும் படியெடுப்புப் பிழைகளைத் திருத்துகிற புரதம் ஒன்று அதில் அறவே இல்லை என்று தெரிந்தது. அந்தக் குறை கட்டியில் மட்டும்தான் இருந்ததா, அல்லது பிறக்கும்போதே எனக்குள் எழுதப்பட்டிருந்ததா என்பதை அறியவே ரத்தம் எடுத்து மரபணுத் தொடரை வாசித்தார்கள். வாசித்தவர்கள் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அதற்கு எதிரே கட்டம் கட்டி எழுதியிருக்கிறார்கள்: 'முக்கியத்துவம் அறியப்படாத மாற்றம்.' அடுத்த வரி: 'இதன் அடிப்படையில் குடும்பத்தினருக்குச் சோதனை பரிந்துரைக்கப்படவில்லை.'

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ஐயத்தை அளப்பது என் தொழில். எவ்வளவு ஐயம் என்றுகூடச் சொல்லாத ஐயத்தைக் கட்டம் கட்டித் தருகிறவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்று மாலை முழுவதும் யோசித்தேன். பொருத்தமான சொற்கள் கிடைத்தன. எழுதத் தகுந்தவை அல்ல.

ரசம் வைத்தேன். ஓர் ஆளுக்கு வைக்கும் அளவு இந்த ஐம்பத்து நான்கு வயதிலும் பிடிபடவில்லை. நாளைக்கும் அதே ரசம்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

தென்றல் யூட்ரெக்டிலிருந்து வழக்கம்போல் அழைத்தாள். அங்கே பனி; சைக்கிளில் போக முடியவில்லையாம். ஹெர்னியா என்று நான் அவளிடம் சொல்லியிருந்த ஆபரேஷனில் தையல் இழுக்கிறதா என்று கேட்டாள். இழுக்கவில்லை என்றேன். மகளுக்கு இருபத்தெட்டு வயது. அவளுடைய தாய் கோயம்புத்தூருக்குப் போய்விட்ட நாள் முதல் எங்கள் பேச்சு வானிலையைத் தாண்டுவது அரிது.

துணி காயவில்லை.

ஜனவரி 16, வியாழன்

மருத்துவமனையின் மரபணு ஆலோசகர் ஷெரின் என்பவரைச் சந்தித்தேன். நாகர்கோவில்காரர், என் பழைய மாணவிகளின் வயது இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு என் குடும்பத்தை வரையத் தொடங்கினார். இறந்தவர்களின் மேல் சாய்கோடு. ஒவ்வொரு சாய்கோட்டின் அருகிலும் எதனால் இறந்தார் என்று எழுத வேண்டும்.

அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டார். வயிற்றுக் கோளாறு என்றேன். பெரியப்பா? வயிற்றுக் கோளாறு. தாத்தா? தெரியாது. அவர் பேனாவை மூடிவிட்டு, "சார், வயித்துக் கோளாறுன்னு ஒரு நோய் கிடையாது" என்றார். குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

அவர் விளக்கியது இது. அந்த எழுத்து மாற்றம் குற்றவாளியா, வழிப்போக்கனா என்று என் உடலை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. இதே நோய் வந்த இன்னொரு ரத்த உறவினரிடம் அதே மாற்றமும், அவருடைய கட்டியிலும் அதே புரதக் குறையும் இருந்தால், ஏற்கெனவே கையில் உள்ள சான்றுகளோடு சேர்த்துத் தராசு சாயும். சாய்ந்தால் என் மகளின் ரத்தத்தில் அந்த ஓர் எழுத்தை மட்டும் தேடிப் பார்த்துவிடலாம். இருந்தால், ஆண்டுதோறும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, கட்டி ஆவதற்கு முன்பே முளையைக் கிள்ளிவிடலாம்.

மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கடைசியில் கேட்டார். நிச்சயமானபின் சொல்வதே முறை என்றேன். நிச்சயமில்லாததைச் சொல்லி ஒருத்தியைக் கலங்கடிப்பது எந்த அறிவியலிலும் சேர்த்தியில்லை. இதை அவர் மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

ஜனவரி 20, திங்கள்

உறவினர்களுக்குத் தொலைபேசுவதில் நாள் கழிந்தது. எங்கள் குடும்பத்தில் எவரும் எந்த நோயாலும் இறந்ததில்லை என்று அறிந்துகொண்டேன். ஒருவர் 'மனசு விட்டு' இறந்திருக்கிறார். ஒருவருக்குச் சூடு. இன்னொருவர் சாப்பாடு இறங்காமல் இறந்திருக்கிறார். ஏன் இறங்கவில்லை என்று கேட்டால், வயசாச்சுல்ல என்கிறார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

ராஜபாளையத்தில் இருக்கும் முத்தம்மாள் அத்தையிடம், அப்பாவுடன் பிறந்தவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே, நேரடியாகக் கேட்டேன்.

"எங்கப்பா எதுல செத்தாரு அத்தை?"

"நாள் முடிஞ்சுச்சு, செத்தாரு. வேற எதுல சாவாக?"

"கேன்சரா?"

மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம். பிறகு தணிந்த குரலில், "அந்தப் பேர எதுக்குடா போன்ல சொல்ற" என்றார். அந்தப் பெயர் தொலைபேசிக் கம்பி வழியாக ராஜபாளையத்துக்குள் நுழைந்துவிடும் என்று நம்புகிறார்கள். மூன்று தலைமுறையாக ஒருவர் பின் ஒருவராகக் குடல் அழுகிச் செத்த குடும்பம், அந்தச் சொல் அழுகிவிடாமல் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறது.

ஆனால் அத்தை ஒன்று சொன்னார். அருப்புக்கோட்டையில் பெரியப்பா மகன் தவமணி படுக்கையில் இருக்கிறார். அவருக்கும் வயிறுதான். மதுரைக்கு வந்து துண்டு எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முற்றிவிட்டதால் ஆபரேஷன் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

தவமணி அண்ணனை நான் பார்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெரியப்பாவும் அப்பாவும் பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டவர்கள். பெரியப்பா சாவுக்கு நாங்கள் போகவில்லை. அப்பா சாவுக்கு அவர்கள் வரவில்லை; தீட்டும் காக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

தவமணி அண்ணனுக்குத் தொலைபேசினேன். எடுத்தது அவர் மனைவி மாரீஸ்வரி மதினி. ஒருமுறை மட்டும் பார்த்தவரின் குரலை அடையாளம் காண இயலாது. ஆனால் அவர் என் குரலைக் கண்டுகொண்டார். எதுவும் கேட்காமல் கைப்பேசியை அண்ணனிடம் கொடுத்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்கும் வந்திருக்கிறது. ஒரு குழாய் ரத்தம் போதும். ஆள் அனுப்பி வீட்டிலேயே எடுக்க ஏற்பாடு செய்கிறேன். இது உங்கள் மகளுக்கும் பயன்படும்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"குருநாதா, ஒங்க அப்பா செத்தப்ப நாங்க தீட்டுக் காக்கல. அன்னைக்கே ரத்தம் அத்துப்போச்சு. இப்ப இல்லாத ரத்தத்த எங்கருந்துய்யா உறிஞ்சப்போற?"

அவர் அறிவியலைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்வதற்கில்லை. புரிந்துகொண்டுதான் மறுத்தார். சாகக் கிடக்கிறவனுக்கு மறுப்பதற்கு ஏதேனும் ஒன்று கைவசம் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அவர் குரலில் கேட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிவேற்றினேன். யாரிடமும் பேசவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷெரினிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தவமணி மதுரையில் திசுப் பரிசோதனை செய்துகொண்டிருந்தால், எடுத்த துண்டை மெழுகில் பதித்து அந்த ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள் என்றார். விரல்நுனி அளவு மெழுகுக் கட்டை, அதற்குள் திசு, பல ஆண்டுகள் கெடாது. ரத்தத்துக்குப் பதிலாக அதிலிருந்தே மரபணுவைப் பிரித்தெடுக்கலாம். ஆனால் நோயாளியின் சம்மதம் வேண்டும். அவருக்குப் பின் என்றால் மனைவியின் சம்மதம்.

'அவருக்குப் பின்' என்ற சொற்களை அவர் மெதுவாகச் சொன்னார். நான் மெதுவாகக் கேட்கவில்லை.

மகளிடம் சொல்லிவிட்டீர்களா என்று மறுபடியும் கேட்டார்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் நேற்று விடியற்காலையில் இறந்துவிட்டார். அத்தைதான் தகவல் சொன்னார். காலை முதல் வகுப்பை விட்டுவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். எதற்காகப் போனேன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒரு கையெழுத்துக்காகப் போனேன். மாலை வாங்கியது அந்த வீட்டுக்குள் நுழைவதற்காக.

பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. யாரோ ஒருவர், "சித்தப்பா மகன், மதுர வாத்தியாரு" என்றார். நாற்காலி போட்டார்கள். உடலைப் பார்த்தேன். எலும்பின் மேல் மஞ்சள் தோல். மூக்கு மட்டும் எங்கள் குடும்ப மூக்கு, அது மெலியவில்லை.

சிறிது நேரத்தில் மூன்று பெரியவர்கள் என்னிடம் வந்தார்கள். அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை; துர்காதேவி ஒரே மகள். கொள்ளி வைக்கப் பங்காளி வேண்டும். தூரத்துப் பங்காளி ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார்களாம். சொந்தச் சித்தப்பா மகன் வந்து உட்கார்ந்திருக்கும்போது அடுத்தவன் வைப்பது முறையல்ல என்றார்கள். எனக்கு இந்தச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். அவர்களில் மூத்தவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஒங்க நம்பிக்கைய யாருய்யா கேட்டா, தலையத்தான கேட்டோம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பதற்கு எங்கள் ஊரில் தடையில்லை.

மறுத்திருந்தால் மதினியிடம் கையெழுத்துக் கேட்க வாய் இருந்திருக்காது. ஒத்துக்கொண்டேன்.

தலையையும் மீசையையும் மழித்தார்கள். உடலைக் குளிப்பாட்ட ஈரவேட்டியோடு நீர்மாலை எடுத்து வந்தேன். சுடுகாட்டில் தோளில் பானையை வைத்துச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினேன். திரும்பிப் பார்க்காமல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

அவருடைய குடல், ரத்தம், எலும்பு எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருந்திருக்கும், அல்லது இருந்திருக்காது. எனக்குத் தேவையான சான்று முழுவதையும் என் கையாலேயே கொளுத்திவிட்டு வந்திருக்கிறேன். அவருடைய உடலில் இந்த உலகத்தில் எரியாமல் எஞ்சியிருப்பது மதுரையில் மெழுகுக்குள் கிடக்கும் அந்தத் துணுக்கு ஒன்றுதான்.

மார்ச் 9, ஞாயிறு

தென்றல் காணொலியில் அழைத்தாள். மறந்துபோய் எடுத்துவிட்டேன். என் தலையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அப்பா, முடி எங்க?"

பெரியப்பா மகன் இறந்துவிட்டார், கொள்ளி வைத்தேன் என்றேன்.

"நீங்களா? கொள்ளியா?" திரைக்கு அருகே குனிந்தாள். "உண்மையச் சொல்லுங்கப்பா. மருந்து ஏதும் ஏத்துறாங்களா?"

எனக்கு மருந்து ஏற்றவில்லை. ஆரம்ப நிலை, தேவைப்படவில்லை. நான் கூறியது முழு உண்மை. உண்மையைக் கூறுகிறவனை ஐயப்படுகிறவர்களிடம் பேசுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அழைப்பை முடித்தேன்.

கல்லூரியில் எல்லாரும் திருப்பதியா, பழனியா என்று கேட்கிறார்கள். துறைத்தலைவர் லட்டு கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

கருமாதி. கொள்ளி வைத்தவன் இல்லாமல் நடக்காது என்பதால் போனேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபின் மதினியிடம் பேசினேன். பின்கட்டில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். துர்கா நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள்; இன்று லீவு போட்டுவிட்டு முன்னறையில் விருந்தினர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

மெழுகுக் கட்டையைப் பற்றிச் சொன்னேன். மதினி பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கையெழுத்துப் போடுறேன் தம்பி. அவுகதான் போயிட்டாக, மெழுகுல இருக்கிறத வச்சு நான் என்ன செய்ய. ஆனா துர்காகிட்ட ஒரு வார்த்த போகக் கூடாது."

"அண்ணனுக்கு இருந்திருந்தா அவளுக்கும் இருக்க வாய்ப்பிருக்கு மதினி. பாதிக்குப் பாதி."

"அதனாலதான் சொல்றேன். பூ வச்சாச்சு. மாப்பிள்ள வீட்ல அவுகளுக்கு அல்சர்னு சொல்லியிருக்கு. வருசம் திரும்புறதுக்குள்ள ஆவணியில முடிக்கணும். கல்யாணம் ஆகட்டும், ஒரு புள்ள பொறக்கட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நிச்சயமா தெரியாததச் சொல்லி எதுக்கு இப்பவே பிள்ளயப் பதற வைக்கணும்?"

இதைவிட மூடத்தனமான வாதத்தை நான் கேட்டதில்லை என்று எழுதத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

அவர் வலது உள்ளங்கையை நீட்டினார். "கொள்ளி வச்சவரு அவளுக்குத் தகப்பன் மாதிரி. கையில அடிச்சுச் சொல்லுங்க."

மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் தென்றலுக்கு எதுவும் இல்லை. இரண்டு பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டால் எந்தத் தகப்பனும் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அந்த உள்ளங்கை சோப்பு நீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

கட்டையை ஒப்படைத்துவிட்டார்கள். ஷெரின் காட்டினார். சிறிய பிளாஸ்டிக் சட்டம், வெண்மெழுகு, நடுவில் பழுப்பாக ஒரு கீற்று. என் அண்ணன்.

ஏப்ரல் 19, சனி

மதினி கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழ் முதல் பெயர் என்னுடையது. எந்தப் பத்திரிகையிலும் என் பெயர் அச்சாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தி அனுப்பினேன்.

குழாய் ஒழுகுகிறது. ஆள் வரவில்லை.

மே 15, வியாழன்

முடிவு வந்தது. அதே எழுத்து. அதே புரதக் குறை. என்னுடைய அறிக்கையைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்: 'நோய்க்குக் காரணமாகக்கூடிய மாற்றம்.' குடும்பத்தினருக்குச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

முப்பது ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு நாணயத்தைச் சுண்டிக் காட்டி, தலை விழும் நிகழ்தகவு அரை என்று நடத்தி வருகிறேன். ஒருமுறைகூட நாணயம் காற்றில் இருக்கும்போது எனக்கு மூச்சு முட்டியதில்லை.

ஷெரின் இம்முறை எதுவும் கேட்கவில்லை. மகளுக்கு அனுப்புவதற்கான குறிப்பைத் தனி உறையில் போட்டுக் கொடுத்தார். "இப்போ நிச்சயமாயிருச்சு சார்" என்றார்.

மே 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன். தென்றல் குறுக்கிடாமல் கேட்டாள். அவள் அமைதி என்னுடையது, தாயிடமிருந்து வந்ததல்ல.

"எப்ப ஆபரேஷன்?"

"செப்டம்பர்."

"ஹெர்னியான்னு சொன்ன செப்டம்பரா?"

"ஆமாம்."

"ஆஸ்பத்திரியில கூட யாரு இருந்தாங்க?"

ஏஜென்ஸியிலிருந்து ஒருவரை வைத்துக்கொண்டேன் என்றேன். கணினியில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. மருத்துவருக்கு நேரம் பதிவு செய்துகொண்டிருந்தாள் போலும். பிறகு, இறந்தவரின் மகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். அவளுடைய தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்ல இயலாது என்றேன்.

"சரி, அங்க அவங்க அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. என்கிட்ட சொல்லாம இருக்கச் சொல்லி உங்ககிட்ட யாருப்பா சத்தியம் வாங்கினது?"

அழைப்பைத் துண்டித்தது நான் அல்ல.

மே 20, செவ்வாய்

வகுப்புகள் இல்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி, திரும்ப அதே வரிசையில் வைத்தேன்.

மே 24, சனி

நூற்பாலை வாசலுக்கு எதிரே ஓர் இளநீர்க் கடை. மதிய இடைவேளையில் துர்கா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, உன்னிடம் பேச வேண்டும் என்றேன்.

நோயின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரைத் தணித்துச் சொல்லவில்லை. இளநீர்க்காரர் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தாத்தாவிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சொன்னேன். பிறகு எழுத்து, புரதம், பாதிக்குப் பாதி. கடைசியில், இதை உன்னிடம் சொல்வதில்லை என்று உன் அம்மாவுக்குக் கையடித்துக் கொடுத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் இளநீரைக் குடிக்கவில்லை.

"அப்பாவுக்கு அல்சர் இல்லைன்னு தெரியும் சித்தப்பா. மாத்திரைய அம்மா அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வைக்கிறப்பவே தெரியும். அது எனக்குள்ளயும் இருக்கலாம்னுதான் தெரியாது." பிறகு, "டெஸ்ட்ட கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கணுமா, பின்னாடியா?" என்றாள்.

"முன்னாடி."

"அப்ப அவர்கிட்டயும் முன்னாடியே சொல்லணும்."

அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆலைச் சங்கு ஊதியதும் உள்ளே போனாள். இளநீரை எடுத்துப்போகச் சொல்லிக் கடைக்காரர் கூப்பிட்டார், அவளுக்குக் கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மதினி அழைத்தார். மாப்பிள்ளை வீட்டில் ஆவணி வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்களாம். அந்தப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதன் பொருளை விளக்கும் அவசியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை.

"அவுகளுக்கு வச்ச கொள்ளி பத்தலன்னு எம்பிள்ள வாழ்க்கைக்கும் வச்சுட்டீங்கள்ல தம்பி" என்றார்.

தம்பி என்று அழைப்பதை அப்போதும் விடவில்லை. திருத்திச் சொல்வதற்கு அந்த வாக்கியத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

துர்காவின் ரத்த முடிவு. அவளுக்கு இருக்கிறது. ஷெரின் தொலைபேசியில் சொல்வதற்குள் அவளே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டாள்: 'இருக்கு சித்தப்பா. அடுத்து என்ன?'

ஜூலை 1, செவ்வாய்

தென்றலிடமிருந்து இரண்டே சொற்கள்: 'எனக்கு இல்லை.'

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். மகிழ்ச்சி என்று அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் நின்று ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

மகிழ்ச்சி என்பது பொய் அல்ல. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் வெகுநேரம் நின்றேன்.

ஜூலை 10, வியாழன்

துர்காவுக்கு இன்று குடல் உள்நோக்கிச் சோதனை. மயக்கம் கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும். அம்மாவிடம் சொன்னாளாம், அம்மா பதில் சொல்லவில்லையாம். என்னை வரச் சொல்லியிருந்தாள். காலையிலேயே போய்விட்டேன். துணைவருக்கான அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவளை உள்ளே அழைத்துச் சென்றார்கள்.

மருந்து வாங்கக் கீழே இறங்கியபோது, மருந்துக்கடையை ஒட்டிய பெஞ்சில் மாரீஸ்வரி மதினி உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் ஒயர் கூடை. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம். நல்லபடியா கண்ணு முழிச்சான்னு தெரிஞ்சா போயிருவேன்."

நான் எந்த உறுதியும் கூறவில்லை. அவரும் இம்முறை கையை நீட்டவில்லை.

நான் மேலே திரும்பியபின் மருத்துவர் வெளியே வந்து, இரண்டு சிறு முளைகள் இருந்தன, இரண்டையும் எடுத்தாயிற்று, பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கின்றன, இனி ஆண்டுதோறும் வர வேண்டும் என்றார். ஷெரினிடம் கேட்டேன். இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் அனுமானமாகத்தான் சொன்னார். அந்த ஐயத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

துர்கா கண் திறந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். நாக்குக் குழறியது.

"அம்மா போன் பண்ணாங்களா சித்தப்பா?"

"இல்ல. கீழ உக்காந்திருக்காங்க. வந்தத ஒன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு சிரித்தாள். "ஒங்ககிட்ட எதையுமே சொல்லக் கூடாது போல" என்றாள். பிறகு, "வரச் சொல்லுங்க" என்றாள்.

உள்ளே துணைவர் ஒருவருக்குத்தான் அனுமதி. கீழே போய் அட்டையைக் கழற்றி மதினியிடம் கொடுத்தேன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்க்காமல் அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூடையோடு படியேறினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். எங்கள் பகுதிக்குப் போகும் பேருந்துகள் வந்தன, போயின. கூட்டமாக இருந்ததால் ஏறவில்லை என்று எழுதலாம். கூட்டம் இல்லை.